கலாத்தாவின் சுரங்கமும் போஸ்பரஸின் சுரங்கமும்

இஸ்தன்பூலுக்குச் செல்லும் நம்மவர்கள் பார்க்க வேண்டியவற்றை எழுதி எடுத்துச் செல்லும்போது, அப்பட்டியலில் சுலைமானிய்யா பள்ளிவாசல் இருக்கும், தோப்காப்பி அரண்மனை இருக்கும். ரயில் நிலையம் ஒருபோதும் இராது. நாமும் அவ்வாறே சென்றோம். கராகோய் என்னும் துறைமுகப் பகுதியில், களைத்த கால்களோடு மேட்டின்மீது ஏற வழி கேட்டபோது, ஒருவர் சிறியதொரு நிலையத்தின் வாசலைக் காட்டினார். அதன் பெயரே 'துனெல்', அதாவது சுரங்கம்.

உஸ்மானியர் ஆண்ட நகரில் 1875 ஜனவரி 17 அன்று திறக்கப்பட்ட நிலத்தடி ரயில் இது. 1863-இல் திறக்கப்பட்ட லண்டன் ரயிலுக்கு அடுத்து உலகின் இரண்டாவது பழமையான நகரச் சுரங்க ரயிலாக இது குறிப்பிடப்படுகிறது. இதைக் கேட்டதும் நம் உள்ளம் பூரித்தது உண்மை. துருக்கித் தொப்பி அணிந்து, கிலாஃபத்துக்காகக் கூட்டம் கூட்டிய முன்னோரின் வழித்தோன்றல்களுக்கு அப்பூரிப்பு இயல்பே. ஆயினும் இந்தச் சுரங்கத்தின் கதையை முழுமையாகச் சொல்லாமல் பிள்ளைகளிடம் பெருமையை மட்டும் கொடுப்பது நேர்மையாகாது.

இதை எண்ணியவரே ஒரு வெளியூர்ப் பயணிதான். யூஜின் ஆன்ரி கவாண் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1867-இல் நகரைச் சுற்றிப் பார்க்க வந்தார். கீழே கலாத்தாவில் வங்கிகளும் கப்பல் துறையும். மேலே பேராவில் தூதரகங்களும் கடைவீதியும். இரண்டுக்கும் இடையே செங்குத்தான படிக்கட்டுத் தெருவில் மக்கள் நாள்தோறும் மூச்சிரைக்க ஏறி இறங்குவதை அவர் கண்டார். பொறியாளரின் கண் அல்லவா! மலையைக் குடைந்து, கயிற்றால் பெட்டியை இழுத்தால் போதுமென்று கணக்கிட்டார். சுல்தான் அப்துல் அஸீஸ் 1869-இல் அனுமதி வழங்கினார். அதற்கு ஈராண்டு முன்புதான் சுல்தான் பாரிஸுக்கும் லண்டனுக்கும் சென்று திரும்பியிருந்தார்.

அனுமதி சுல்தானுடையது, பணம் அவருடையதன்று. கட்டி, ஓட்டி, வருவாய் பெறும் உரிமை லண்டனில் பதிவான ஒரு கம்பெனியின் கைக்குச் சென்றது. 573 மீட்டர் நீளச் சுரங்கத்தில் நீராவிப் பொறி இழுக்க, மரப்பெட்டிகள் ஏறி இறங்கின. ஒரு பெட்டியில் மனிதர். மற்றொன்றில் சரக்கும் கால்நடைகளும். அதே 1875-ஆம் ஆண்டு அக்டோபரில் உஸ்மானிய அரசு, வாங்கிய கடனுக்குரிய வட்டியில் பாதியை மட்டுமே ரொக்கமாகத் தர இயலுமென்று அறிவித்தது. கிரிமியப் போரின்போது 1854-இல் தொடங்கிய வெளிநாட்டுக் கடன் இருபது ஆண்டுகளில் அந்த நிலைக்குக் கொண்டு வந்திருந்தது. 1881-இல் கடன்காரர்களின் நிர்வாக அமைப்பு ஒன்றே நகரில் அமர்ந்து வரிகளை வசூலிக்கத் தொடங்கியது. வட்டியைப் பற்றி நாம் எத்தனையோ பயான் கேட்டிருக்கிறோம். ஒரு பேரரசையே அது எவ்வாறு பிடித்தது என்பதை அந்த நிலையத்தின் வாசலில் நின்று எண்ணிப் பார்த்தோம். சுரங்கத்தைத் துருக்கி அரசு விலைகொடுத்துத் தன் உடைமையாக்கியது 1939-இல்தான்.

இன்று அதில் மின்சார ரயில் ஓடுகிறது. ஒன்றரை நிமிடத்தில் மேலே போய்விடலாம். இயந்திரத்தில் பணமிட்டு வாங்கும் இஸ்தன்பூல் கார்டு ஒன்றே துனெலுக்கும் டிராமுக்கும் படகுக்கும் மெட்ரோவுக்கும் போதும். மேல் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் மவ்லவி தரீக்காவினரின் பழைய தைக்கா இருக்கிறது. கூட்டம் அதைக் கடந்து கடைவீதிக்கே போகிறது.

மறுநாள் யெனிகாப்பி நிலையத்துக்குச் சென்றோம். 2004-இல் அங்கு நிலையத்துக்காகத் தோண்டியபோது கிடைத்தது ஒரு துறைமுகம்! பைசாந்தியப் பேரரசர் தியோதோசியஸின் பெயரால் அறியப்பட்டு, பின்னர் வண்டல் மூடி மறைந்துபோனது அது. அதில் 37 கப்பல்கள் புதைந்திருந்தன. இன்னும் ஆழத்தில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்திய மனிதரின் காலடித் தடங்கள் ஈரமண்ணில் பதிந்தவாறே இருந்தன. ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தோண்டினர், ரயில் காத்திருந்தது. சில சட்டிபானைகளுக்காகத் தாமதமா என்று அன்றைய பிரதமர் எர்துகான் வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். எனினும் பணி நிறுத்தப்படவில்லை; கப்பல்கள் மீட்கப்பட்டன. நம் ஊர்களில் பழைய பள்ளிவாசலை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டும்போது கல்வெட்டுகளுக்கு என்ன நேர்கிறது என்பது நினைவுக்கு வந்து மனம் கனத்தது.

அங்கிருந்து மர்மராய் ரயில் சிர்கெஜி வழியாகப் போஸ்பரஸ் நீரிணைக்கு அடியில், ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்தில் ஆசியக் கரைக்குச் செல்கிறது. இவ்வாறொரு கடலடிப் பாதைக்கு 1860-இலேயே, சுல்தான் அப்துல் மஜீத் காலத்தில், வரைபடம் தீட்டப்பட்டது. நிறைவேறியது 2013 அக்டோபர் 29 அன்று. இதற்கும் கடன்தான், பெரும்பகுதி ஜப்பானிடமிருந்து. ஆனால் இம்முறை பாதையின் உரிமை துருக்கி அரசிடமே இருக்கிறது.

உஸ்குதாரில் இறங்கினோம். மர்மராயில் நுழையும்போது நெடுந்தூரக் கட்டணம் முழுதும் கழிக்கப்படும். வெளியேறும் இடத்திலுள்ள இயந்திரத்தில் கார்டை மீண்டும் வைத்தால் மீதம் திரும்பி வரும். அறியாத பயணிகள் அதை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நாமும் முதல் முறை விட்டோம். இம்முறை மீதத்தைப் பெற்றுக்கொண்டு படியேறியபோது எதிரே மிஹ்ரிமா சுல்தான் பள்ளிவாசல் நின்றது, மிஅமார் சினான் 1548-இல் கட்டி முடித்தது. அஸருக்கு பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது.