வெட்கப்படுத்தாத நம்பிக்கை: ரோமர் 5:1–11 உரை

இந்நிருபம் கி.பி. 57ஆம் ஆண்டளவில் கொரிந்து நகரினின்று விடுக்கப்பட்டது என்பர். பவுல் அப்போஸ்தலர் சொல்லத் தெர்தியு என்பான் எழுதினான் (16:22). ரோமாபுரியை அப்போஸ்தலர் அதுகாறும் கண்டிலர். எனினும் அந்நகரத்து விசுவாசிகள் துன்பம் அறியாதவர் அல்லர். கிலவுதியு இராயன் யூதரைத் துரத்தியபோது வெளியேறிய ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் மீண்டும் ஆண்டிருந்தமை 16ஆம் அதிகாரத்து வாழ்த்துரையால் பெறப்படும். அத்தகையோர்க்கு மகிழ்ச்சியின் காரணத்தைத் திருத்தூதர் கூறுமிடம் இஃது ஆகலின், சொல்தோறும் நின்று ஓதுக.

1ஆம் வசனம். ‘இவ்விதமாக’ என்றது, ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டமை காட்டி நிறுத்திய முன் அதிகாரத்தை ஈண்டு இயைத்தற்பொருட்டு. ‘சமாதானம்’ என்பது மனத்தின் அமைதி அன்று; பகை ஒழிந்த நிலை. 10ஆம் வசனத்தில் ‘சத்துருக்கள்’ என வருதலின் இதுவே பொருளாதல் தெளிக. இச்சமாதானம் பெற்றுவிட்டோம் என்பது ஒரு பாடம். பெற்றுத் துய்ப்போமாக என்பது மற்றொரு பாடம். கிரேக்கத்தில் ஓர் எழுத்துக் குறிலோ நெடிலோ என்னும் அளவே வேறுபாடு. பழைய ஏடுகள் பல நெடிலே காட்டினும், பின்வருவன எல்லாம் ஏவலாகாது உள்ளது கூறலாய் நடத்தலின் முன்னதே சிறக்கும்.

2ஆம் வசனம். ‘கிருபை’ என்பதை ஓர் இடம்போல வைத்து, அதனுட் புகுதலும் ஆண்டு நிற்றலும் கூறினார். ‘நிலைகொண்டிருந்து’ என்றமையால், வந்து காத்திருந்து திரும்புவார் நிலை விலக்கப்பட்டது. ‘மேன்மைபாராட்டுதல்’ என்பது ஒன்றனைப் பற்றுக்கோடாகக் கொண்டு உள்ளம் நிமிர்ந்து களித்தல். தன் செயல்பற்றிய மேன்மைபாராட்டலை 3ஆம் அதிகாரத்தில் புறந்தள்ளியவர், அச்சொல்லையே இப்பகுதியுள் மூன்றிடத்து எடுத்தாளுகின்றார். தள்ளப்பட்டது மகிழ்ச்சி அன்று, மகிழ்ச்சியின் பொய்யான பற்றுக்கோடே என்பது இதனாற் பெற்றாம்.

3, 4 வசனங்கள். ‘உபத்திரவங்களிலேயும்’ என்புழி உம்மை, மேற்கூறிய மகிமையின் நம்பிக்கையைத் தழுவிய எச்சவும்மை. ஏழாம் வேற்றுமை ஈண்டு இடப்பொருட்டு. உபத்திரவத்தை விரும்பி மகிழ்தல் எனக் கொள்ளின் பொருள் கெடும். அதன் நடுவில் நின்றும் மகிழ்தல் என்க. ஒன்று குறைய நாற்பது அடி ஐந்து தரமும், மிலாறடி மூன்று தரமும், கல்லெறி ஒரு தரமும் பட்டவர் கூற்று இஃது (2 கொரிந்தியர் 11). துன்பம் காணாதார் வாய்ச்சொல் எனத் தள்ளுதல் ஆகாது.

‘பொறுமை’ என்பது சுமையின் கீழ் விலகாது நிற்றல். ‘பரீட்சை’ என்பது ஈண்டுச் சோதிக்கும் தொழிலைக் குறியாது, சோதனையில் தேறிய தன்மையைக் குறிக்கும். பொன் புடத்திலிட்டு எடுக்கப்பட்டு மாற்றுக் குறையாது நிற்றல் போல்வது. அத்தேர்ச்சியினின்று மீண்டும் நம்பிக்கை பிறக்கும் என்றார். 2ஆம் வசனத்தில் நம்பிக்கையிற் தொடங்கியவர் ஈண்டும் நம்பிக்கையில் முடித்தமையால், துன்பம் அதனைத் தின்னாது வளர்த்தது என்பது பெறப்படும்.

அற்றேல், உபத்திரவம் எல்லாரிடத்தும் பொறுமையை விளைக்குமோ எனின், விளைக்காது. கசப்பையும் முறுமுறுப்பையும் விளைத்தலும் உலகத்துக் கண்கூடு. இத்தொடர் உபத்திரவத்தின் இயல்பால் நடப்பது அன்று. அடுத்த வசனம் கூறும் காரணத்தால் நடப்பது. 4ஆம் வசனத்தோடு நின்று பிரசங்கித்து, நொந்தவன் தோளில் ‘பொறுமையாய் இரு’ என்னும் பாரத்தையும் ஏற்றிவிடுவார் உளர். அவர் அடுத்த வசனத்தையும் வாசித்தல் நன்று.

5ஆம் வசனம். ‘வெட்கப்படுத்தாது’ என்பது சங்கீதங்களில் பயின்ற வழக்கு. ஒருவனை நம்பிப் பலர் அறியச் சொல்லிவிட்டு, அவன் கைவிட, ஊரார்முன் தலைகுனியும் நிலையே வெட்கம். அது நேராமைக்குக் காரணம் ‘தேவ அன்பு’. இது நாம் தேவன்பால் வைத்த அன்போ, அவர் நம்பால் வைத்த அன்போ எனின், முன்னதே என்றார் அகுஸ்தீன். அவர் கருத்து ஆழமுடையதே. ஆயினும் 8ஆம் வசனம் தேவன் நம்மேல் வைத்த அன்பு என விரித்தலின், பின்னதே ஈண்டைக்குப் பொருள். நம் அன்பு ஏறியும் இறங்கியும் நிற்பது. நம்பிக்கையை அதன்மேல் நிறுத்தின் வெட்கப்படுதலும் நேரும்.

‘ஊற்றப்பட்டிருக்கிற’ என்றதனால் மிகுதியும், முன்பு நிகழ்ந்து பயன் இன்றும் நிற்றலும் விளங்கின. பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவரின் வருகையைக் கூறும் அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தும் இவ்வினையே வரும். ‘அருளப்பட்ட’ என்றது, உழைத்துப் பெற்றது அன்று என்றற்கு.

ஈண்டுக் கற்பான் ஒருவன், ‘என் இருதயத்தில் அவ்வூற்றை யான் உணர்ந்திலேன், எனக்கு இஃது இல்லையோ?’ என ஐயுறலாம். அப்போஸ்தலர் அவனை இன்னும் உள்ளே துருவிப் பார் என்றிலர். உடனே எருசலேமின் புறத்தே நிகழ்ந்த ஒரு மரணத்தின்பால் அவன் கண்ணைத் திருப்புகின்றார்.

6 முதல் 8 வரையுள்ள வசனங்கள். ‘போதே’ என்புழி ஏகாரம் தேற்றம். நாம் திருந்திய பின்னர் அன்று என்பது. நம்மைப் பெலனற்றவர், அக்கிரமக்காரர், பாவிகள், பின்னர்ச் சத்துருக்கள் என நான்கு பெயரான் வழங்கினார். பெலனற்றவன் இரக்கத்துக்காவது உரியன். சத்துருவுக்கோ அதுவும் இல்லை. படிதோறும் தகுதி குறையக் குறைய, அன்பின் காரணம் நம்மிடத்து இன்மை தெளிவாகும். நம்மிடத்து இல்லாத காரணம் நம்மிடத்து நேரும் மாற்றத்தால் அழியாது என்பது இதன் உட்கிடை.

‘நீதிமான்’ என்பான் கொடுக்கவேண்டுவதைக் குறையாது கொடுப்பவன். ‘நல்லவன்’ என்பான் அதன் மேலும் ஈபவன். முன்னவனை மதிப்பர், பின்னவனை நேசிப்பர். ஆகலின் முன்னவனுக்காக உயிர்விடுதல் அரிது என்றும், பின்னவனுக்காக ஒருவேளை ஒருவன் துணியலாம் என்றும் பிரித்தார். மாந்தர் அன்பின் எல்லை அவ்வளவே.

‘மரித்ததினாலே’ என இறந்த காலத்தாற் கூறி, ‘விளங்கப்பண்ணுகிறார்’ என நிகழ்காலத்தான் முடித்தமை நோக்குக. மரணம் ஒரு முறை நிகழ்ந்து முடிந்தது, காட்டுதல் முடிந்திலது. உணர்ச்சி வறண்ட நாளிலும் அச்சான்று குறைவுறாது.

9, 10 வசனங்கள் கைமுதிக நியாயம். பகைவராய் இருந்தாரை ஒப்புரவாக்கிய அரிய செயலைச் செய்தவர், ஒப்புரவானாரைக் காக்கும் எளியதைச் செய்யாது விடுவரோ என்க. முன்னதற்குக் குமாரனுடைய மரணத்தையும், பின்னதற்கு அவருடைய ஜீவனையும் ஏதுவாக்கினார். பிற வெளிப்படை.

11ஆம் வசனம். கிரேக்கத்தில் 3ஆம் வசனத்திற் போல ‘அதுமாத்திரமல்ல’ என மீண்டும் தொடங்கினார். முதலாம் மேன்மைபாராட்டல் வரவிருக்கும் மகிமைபற்றியது. இரண்டாவது உபத்திரவத்தின் நடுவில் எழுவது. மூன்றாவது தேவனையே பற்றியது. கொடையைப் பெற்று மகிழ்ந்தவன் கொடுத்தவரிடத்து மகிழ்தல் இது. ‘இப்பொழுது’ என்றமையான், இம்மகிழ்ச்சி இறுதிநாள்வரை ஒத்திவைக்கப்பட்டது அன்று. ஒப்புரவாகுதல் கிடைத்தவாறே இதுவும் கிடைத்தது. இனி 12ஆம் வசனம் முதல் ஆதாமையும் கிறிஸ்துவையும் ஒப்புநோக்குதலின், அதன் உரை ஆண்டுக் காண்க.