ஒவ்வொரு சிப்பிக்கும் ஒரு தோணி

லாரி வால் 1987 டிசம்பரில் வெளியிட்ட பெர்ல் மொழிக்கு முதலில் நினைத்திருந்த பெயர், முத்து என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான். அந்தப் பெயரில் வேறொரு கணினிமொழி முன்பே இருந்ததால் நடுவில் ஓர் எழுத்தை உதிர்த்துவிட்டார். தூத்துக்குடியில் உட்கார்ந்து பெர்லில் பிழைப்பு நடத்திய எனக்கு இது தெரிந்தது ரொம்பப் பிந்தித்தான். இங்கே அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961ல் முடிந்துபோனது.

2001ல் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்துக்கு வலைப்பக்கம் எழுதினேன். பெட்டி, அதாவது கன்டெய்னர், எங்கே நிற்கிறது, பில் எவ்வளவு என்று பார்க்கலாம். 1993ல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏவில் பிறந்த சிஜிஐ முறை. ஒருவர் கேட்டால் சர்வர் புதிதாக ஒரு பிராசஸை எழுப்பும். அது பெர்லை ஏற்றி, நிரலைப் படித்து, டேட்டாபேஸைத் தொட்டு, ஒரு வரி பதில் சொல்லிவிட்டுச் செத்துப்போகும். அடுத்தவருக்கு மறுபடி முதலிலிருந்து. முத்துக்குளிக்கப் போகிற தோணி நடுராத்திரிக் கரைக்காற்றில் கிளம்பும். விடிந்ததும் பாரில் நிறுத்தி, ஒரே ஆள் கல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப இறங்குவார். சிஜிஐயோ ஒவ்வொரு சிப்பிக்கும் கரையிலிருந்து ஒரு தோணி விடுகிற கதை. கப்பல் வருகிற நாளில் சர்வருக்கு மூச்சு முட்டும்.

பிஎச்பிக்கு மாறலாம்தான்; எழுதினதையெல்லாம் தூக்கிப்போட மனசில்லை. மிச்சம் இரண்டு வழி, இரண்டுமே 1996ல் வந்தவை. மாட்பெர்ல், பெர்லை அப்பாச்சி சர்வரின் வயிற்றுக்குள்ளேயே குடிவைப்பது. ஓப்பன் மார்க்கெட் நிறுவனத்தின் ஃபாஸ்ட்சிஜிஐயில் நிரல் வெளியே தனியாக, சாகாமல் காத்திருக்கும். சர்வர் கேள்வியை நீட்டிப் பதிலை வாங்கிக்கொள்ளும். நான் மாட்பெர்லை எடுத்தேன். வேகம் கண்ணை மறைத்துவிட்டது.

நாலாம் நாள் போன். "அண்ணாச்சி, இது நம்ம பெட்டி இல்லையே. வேற பார்ட்டி பில்லுல்லா வருது."

சிஜிஐயில் நிரல் சாகும்போது நான் சோம்பலில் பொதுவாக விட்டிருந்த மாறிகளும் கூடவே செத்தன. இப்போது அவை உயிரோடிருந்து, முன்னே வந்தவரின் எண்ணைப் பின்னே வந்தவருக்குக் கொடுத்துவிட்டன. ஒருத்தருடைய சரக்குக் கணக்கு போட்டிக்காரர் கையில். மாட்பெர்லைக் குறை சொல்ல முடியாது; தப்பு என்னுடையது.

மாறிகளையெல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டு ஃபாஸ்ட்சிஜிஐக்குப் போனேன். அங்கேயும் நிரல் சாகாது, அதே தப்பு அங்கேயும் நடக்கும். ஆனால் பில் நிரலைத் தனி பிராசஸாக, தனி பயனர் பெயரில் ஓட்டலாம். ஏதாவது கெட்டால் அதை மட்டும் நிறுத்தி எழுப்பலாம். அப்பாச்சியைத் தொட வேண்டாம். வெறும் படத்தை அனுப்புகிற பிராசஸ்கூடப் பெர்லைச் சுமக்கிற நினைவகச் செலவும் இல்லை.

போன் செய்தவர் அதற்குப் பிறகும் வெகுநாள், பக்கத்தைத் திறந்ததும் துண்டுச்சீட்டில் எழுதின பெட்டி எண்ணை எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே போவாராம்.