தொழுநோய்ச் சட்டங்களும் மறுவாழ்வும்: திருவண்ணாமலை வட்டாரம்

தொழுநோய்க்கு ஆளானோரைச் சட்டம் நடத்திய விதம், அவர்களுக்குக் கிடைத்த பராமரிப்பு, பின்னாளில் ஊனமுற்றோர் என்ற முறையில் அவர்கள் பெற்ற உரிமைகள் ஆகியவற்றின் வரலாறு இது. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் இந்நோய் மிகுந்திருந்த பகுதிகளுள் ஒன்று. திருவண்ணாமலை அம்மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1989 செப்டம்பர் 30 அன்று தனி மாவட்டத் தலைநகரானது. அன்னதானமும் கிரிவலமும் கார்த்திகை தீபமும் இருப்பதால் கையேந்தியவர் பட்டினி கிடக்க வேண்டாத ஊர் என்று பெயர் பெற்றது. வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் விலக்கப்பட்ட நோயாளிகள் இங்கே வந்து சேர்ந்ததற்கு மலையின் மீதான பக்தியோடு இதுவும் காரணம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரத்திலும் கோபுர வாசல்களிலும் அவர்கள் அமர்ந்திருந்தார்கள்.

நோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். ஹவாய்த் தீவுகளில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்த பாதிரியார் டேமியன் 1889இல் அந்த நோயாலேயே இறந்ததும் ஐரோப்பாவில் பீதி பரவியது. இந்தியாவில் நிலைமையை ஆராய ஒரு குழு அனுப்பப்பட்டது. 1890, 1891ஆம் ஆண்டுகளில் நாட்டைச் சுற்றிப் பார்த்த அக்குழு, நோய் பரம்பரையாக வருவதில்லை, தொற்றும் ஆற்றலும் மிகக் குறைவு, ஆகவே கட்டாயமாகப் பிரித்து வைக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அதை மீறியே 1898இல் தொழுநோயாளர் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டம் யாரைப் பிடித்தது என்பதில்தான் இந்த வரலாற்றின் சாரம் இருக்கிறது. பொது இடத்தில் பிச்சை கேட்பவர், பிழைக்க வழியின்றித் திரிபவர் ஆகிய ஏழை நோயாளிகளை மட்டுமே போலீசார் வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம்; அவர்கள் தொழுநோயாளர் விடுதிக்கு அனுப்பப்படலாம். சொத்துள்ளவர் அதே நோயோடு தம் வீட்டில் இருந்துகொள்ளலாம். நோயைத் தடுப்பது நோக்கமாக இருந்திருந்தால் இந்த வேறுபாட்டுக்கு இடமே இருந்திருக்காது. அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளில் உணவுப் பண்டம் விற்பதும், பொதுக் கிணற்றில் நீர் எடுப்பதும், வாடகை வண்டியில் ஏறுவதும்கூடத் தடுக்கப்பட்டன. பின்னர் 1945ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பிச்சைத் தடுப்புச் சட்டமும் இதே மக்களையே குறிவைத்தது. ஒருவர் நோயாளியாக இருப்பதும் ஏழையாக இருப்பதும் சேர்ந்தபோதுதான் அது குற்றமாயிற்று.

கோவில் நகரத்தைப் பொறுத்தவரை இன்னொரு விதி முக்கியமானது. தலித் மக்களுக்குக் கோவில் கதவைத் திறந்த 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் தமிழகத்தின் பெருமைகளுள் ஒன்று. அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகளுள் மூன்றாவது, யார் யார் வழிபட உரிமையற்றவர் என்று பட்டியலிடுகிறது. அருவருப்பூட்டும் நோய் அல்லது தொற்றுநோய் உள்ளவர், உரிய கட்டுப்பாட்டோடும் அனுமதியோடும் அழைத்து வரப்பட்டாலன்றி மனநலம் குன்றியவர், பிச்சை கேட்பதற்காகவே உள்ளே வருபவர் ஆகியோர் அதில் இருக்கிறார்கள். சாதியின் பெயரால் நின்ற தடையை உடைத்த அதே கை, நோயின் பெயரால் ஒரு தடையை எழுதி வைத்தது. 217 அடி உயர ராஜகோபுரத்தின் முன்னே ஆயுள் முழுதும் உட்கார்ந்திருந்தவர் அண்ணாமலையார் சந்நிதிக்குள் போக விரும்பியிருந்தாலும், விதி அவருக்கு எதிராகவே இருந்தது.

பராமரிப்பை முதலில் கையில் எடுத்தவை மிஷன் அமைப்புகள். டேனிஷ் மிஷன் தென்னார்க்காடு மாவட்டத்து வடதொரசலூரில் தொழுநோய் மருத்துவமனை நடத்தியது. 1940களில் அதே மாவட்டத்து மழவந்தாங்கலில் கஸ்தூரிபா குஷ்ட நிவாரண நிலையம் எழுந்தது. அதற்கு உழைத்த டி. என். ஜகதீசன் தாமே இந்நோய்க்கு ஆளானவர், வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் கடிதங்களைப் பதிப்பித்த அறிஞர். நோயாளியைப் பற்றிப் பிறர் பேசிய காலத்தில் நோயாளியாகவே நின்று பேசியவர் என்பதால் அவருக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு.

மருத்துவத்தின் திருப்பங்கள் பலவும் இவ்வட்டாரத்தை ஒட்டியே நிகழ்ந்தன. செங்கல்பட்டுத் திருமணியில் ராபர்ட் காக்ரேன் 1940களின் நடுவில் டாப்சோன் வகை மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை 1940களின் இறுதியில் செய்து காட்டினார். விரல்களைக் கிருமி தின்பதில்லை. உணர்வு போனதால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் புண்ணாகி, அந்தப் புண்தான் விரலைக் கொண்டுபோகிறது என்று அவர் நிறுவினார். 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் வந்தது. 1962 முதல் அது குடியாத்தம் தாலுகாவில் வீடுவீடாகச் சென்று நோயைக் கண்டறியும் பணியைச் செய்தது.

உணர்விழப்பே விரல்களை அழிக்கிறது என்ற பிராண்டின் கண்டுபிடிப்பு பராமரிப்பின் பொருளையே மாற்றியது. தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்தெடுத்து, எண்ணெய் தடவி, புதுக்காயம் உண்டா என்று பார்க்க வேண்டும். ஆணி தைத்தாலும் தெரியாத பாதத்துக்கு மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வேண்டும். சூடான பாத்திரத்தைத் துணி சுற்றிப் பிடிக்கப் பழக்க வேண்டும். இவற்றைச் செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போன களப்பணியாளர்கள், காயம் கட்டுவோர், மனைவிமார், சக நோயாளிகள். தொழுநோய்ப் பணியாளர் என்று தெரிந்ததும் அவர்களையும் தள்ளிவைத்த ஊர்கள் உண்டு. நோயைக் கட்டுப்படுத்திய பெருமையில் அவர்களுக்குரிய பங்கு இன்னும் சரியாக எழுதப்படவில்லை.

1971இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு பிச்சைக்காரர் மறுவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி தொழுநோயாளிகளுக்கான அரசு மறுவாழ்வு இல்லங்கள் அமைந்தன. செங்கல்பட்டை அடுத்த பரனூர், மழவந்தாங்கல், பர்கூர் முதலிய இடங்களோடு திருவண்ணாமலை மாவட்டத்தின் புதுமல்லவாடியிலும் ஓர் இல்லம் உண்டு. 1898இன் சட்டம் பிடித்து அடைத்த இடத்தில், இங்கே சோறும் கூரையும் மருந்தும் முன்வந்தன. ஆனால் ஊருக்கு வெளியே தனியே வைப்பது என்ற பழைய எண்ணம் முழுதும் போய்விடவில்லை. உள்ளே வந்தவர்கள் அங்கேயே முதுமை அடைந்தார்கள். குணமான பின்னும் திரும்பிப் போக வீடு இல்லாதவர்கள் பலர்.

கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் 1983இல் உருவாயிற்று. ஆறு மாதமோ ஓராண்டோ மருந்து சாப்பிட்டால் முழுமையாகக் குணம். 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இந்தியாவில் நோய் இறங்கியது. அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலை நீங்கியதைத்தான் குறிக்கும். நோய் இல்லாமல் போனதை அல்ல. புதிய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். உணர்ச்சியற்ற தேமலைக் கண்டதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஊனத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

உரிமைச் சட்டங்கள் தாமதமாகவே வந்தன. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் தொழுநோயிலிருந்து குணமடைந்தவரையும் தன் வரையறைக்குள் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கியது. வெளியே சிதைவு தெரியாமல் கையோ காலோ மரத்துப்போனவரும் அதன் வரையறையில் அடங்குகிறார். ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு ஊனச் சான்று தேவை. மரத்துப்போன கையோடு அடுப்பில் வேலை செய்யும் பெண்ணின் ஆபத்தை இந்தக் கணக்கு முழுதாக அளப்பதில்லை. விரல் தேய்ந்தவருக்கு விரல்ரேகை கேட்கும் கருவி இன்னொரு தடை. தமிழ்நாட்டில் தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கான மாதப் பராமரிப்பு உதவி 2023 ஜனவரியில் 2,000 ரூபாயாக உயர்ந்தது.

1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தனிமைப்படுத்தும் சட்டத்தை 1996இல் கைவிட்ட ஜப்பானில், 2001இல் குமமோட்டோ நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. அரசும் பொறுப்பை ஏற்றது. இந்தியாவில் அப்படிப் பொறுப்பேற்கும் சொல் எதுவும் வரவில்லை. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்ட இடம் தந்த பிரிவுகள் 2019இல் நீக்கப்பட்டன. இத்தகைய பாகுபாடுகளைக் களையுமாறு அதற்கு முன்பே, 2018இல், உச்ச நீதிமன்றம் பங்கஜ் சின்ஹா வழக்கில் அறிவுறுத்தியிருந்தது. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் மசோதாக்கள் தமிழகச் சட்டமன்றத்துக்கு வந்தன. அந்த இருக்கைகளுள் சிலவற்றில் புதுமல்லவாடி போன்ற இல்லங்களில் வாழ்ந்தவர்கள் அமர வேண்டும். ஆலயப் பிரவேச விதியில் நோயைச் சுட்டும் வரியை அரசு எடுத்துவிட வேண்டும். தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க 2015இல் சட்ட ஆணையம் தன் 256ஆவது அறிக்கையோடு தந்த முன்வரைவு இன்னும் சட்டமாகவில்லை.