நாகூராரை நம்பிய கப்பல்
(கடல் கடந்த குடும்பங்கள் – 14)

டிசம்பரில் மாஹிம் தர்காவில் உருஸ் தொடங்கிவிட்டால் அந்த வட்டாரமே மாறிவிடும். முதல் சந்தன ஊர்வலம் மும்பை போலீஸாருடையது. தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம். தர்காவில் அடங்கியிருக்கும் மக்தூம் அலி மாஹிமி (1372–1431) வாழ்ந்த நாளில் மாஹிம் தனித் தீவு. அவரைக் கொண்டாடிய கொங்கணி முஸ்லிம்கள் கடலோடிகள். கரைக்கு ஒரு பெரியவர் காவல் இருக்கிறார் என்ற நம்பிக்கை நம் சோழமண்டலக் கரைக்கும் உண்டு. அங்கே அவர் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவர்.

நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டை விழுந்து தவிக்கிறது. நாகூரில் ஆண்டவருக்கு நாவிதர் சவரம் செய்துகொண்டிருக்கிறார். சட்டென்று கையிலிருந்த கண்ணாடியை வாங்கி வீசுகிறார் ஆண்டவர். அது போய் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. கண்ணாடி போயிற்றே என்று நாவிதர் கலங்க, பின்னர் கப்பல்காரர்களே அதைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை இது.

நாகூரைத் தாண்டினால் காரைக்கால், அன்றைய பிரெஞ்சுத் துறைமுகம். 1848இல் அடிமை முறையை ஒழித்த பிரான்ஸ், கரீபியக் கடலிலிருந்த தன் கரும்புத் தீவுகளுக்கு ஆள் தேடி இந்தக் கரைக்குத்தான் வந்தது. புதுச்சேரியிலிருந்து கிளம்பிய ‘ஒரேலி’ என்ற பாய்மரக் கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கையும், இன்னொரு பயணத்தில் 1854 டிசம்பரில் குவாதலூப்பையும் அடைந்தது. சூயஸ் கால்வாய் அப்போது இல்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதப் பயணம். கைக்குழந்தையோடு போன தாயை நினைத்துப் பாருங்கள். குடிநீர் அளந்துதான் கிடைக்கும். கடல் கொந்தளித்தால் மேல்தளத்தில் அடுப்பு மூட்ட முடியாது. முனையை நெருங்கும்போது, தஞ்சைச் சீமையில் பிறந்தவர்கள் அறியாத குளிர். காற்று நின்றுவிட்டால் கப்பலும் நின்றுவிடும். வழியில் இறந்தவர்களுக்குக் கடல்தான் சுடுகாடு. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை.

1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள். அங்கே மாரியம்மன் பூசையில் இன்றும் ‘நாகூர் மீரா’ என்ற பெயரில் நாகூர் ஆண்டவருக்கு உயரமாகக் கொடிமரம் நட்டுக் கொடி ஏற்றுகிறார்கள். பூசை செய்பவர் இந்து, நன்றி நாகூராருக்கு. கடலில் உயிரைக் காத்தவர் எந்த மதம் என்று அவர்கள் பார்க்கவில்லை. அந்தக் கொடியை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தப் பயணத்தைப் பற்றி ஏறிப்போன ஏழைகளே எழுதிவைத்த சாசனம் அது.

அப்படிப் போன ஒரு குடும்பத்தில், குவாதலூப்பின் கபெஸ்தேர் என்ற ஊரில், 1863இல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். இந்தியர்களின் பிள்ளைகள் தீவிலேயே பிறந்தும் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்கப்படவில்லை. வாக்குரிமையும் கிடையாது. 1904இல் அவர் வழக்காடத் தொடங்கினார். உரிமை கிடைத்தது 1923இல். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய அறுபது.

(தொடரும்)