கரி எடுத்தவர் போனார், குழி யாருக்கு?

புக்கிட் மெர்தாஜாம் ஒரு ரயில் சந்திப்பு நகரம். பிறைக்கு ஒரு பாதை, பாடாங் பெசாருக்கு ஒரு பாதை, கோலாலம்பூருக்கு ஒரு பாதை என மூன்று தடங்கள் இங்கே கூடுகின்றன. நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் ரயில்வேயில் உழைத்தவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். அந்த எஞ்சின்களுக்கு உள்நாட்டுக் கரியைத் தந்த ஊர் சிலாங்கூரிலுள்ள பத்து ஆராங். மலாய் மொழியில் அந்தப் பெயருக்கே நிலக்கரி என்றுதான் பொருள்.

அங்கே 1915ஆம் ஆண்டு மலாயன் கோலியரிஸ் நிறுவனம் கரி வெட்டத் தொடங்கியது. பூமிக்கடியில் சுரங்கம் குடைந்தார்கள். திறந்தவெளியிலும் தோண்டினார்கள். ரயில்வேயும் ஈயச் சுரங்கங்களும் மின் நிலையங்களும் அக்கரியை வாங்கின. சீனர்களோடு தமிழர்களும் அங்கே உழைத்தார்கள். 1937 மார்ச்சில் தொழிலாளர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தைக் காலனி அரசு காவல் படையைக் கொண்டு அடக்கியது. பின்னாளில் எண்ணெய் வந்தது. கரிக்கு மவுசு குறைந்தது. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது.

சுரங்கம் மூடப்பட்டது, குழி மூடப்படவில்லை. வெட்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குளங்களாயின. பழைய சுரங்கப் பாதைகள் ஊருக்கடியில் கிடப்பதால் நிலம் உள்வாங்கும் அச்சம் இன்றும் உண்டு. லாபம் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். பள்ளத்தோடு வாழ்பவர்கள் பேரப்பிள்ளைகள்.

நிலத்தை மீட்கவே முடியாதா? முடியும். மேல்மண்ணைத் தனியே எடுத்துக் காக்க வேண்டும். கரி எடுத்த பள்ளத்தைக் கழிவு மண்ணால் நிரப்பிச் சமப்படுத்தி, காத்து வைத்த மேல்மண்ணைப் பரப்பிப் பயிரிட வேண்டும்.

தமிழ்நாட்டின் நெய்வேலியில் 1957இல் பிரதமர் நேரு தொடங்கிவைத்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், மண்மேடுகள் மீது மரங்கள் வளர்க்கப்பட்டுள்ளன. ஆனாலும் 2023 ஜூலையில், வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரை அழித்துச் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்டியபோது விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். மரம் நட்டால் மட்டும் நிலம் மீண்டுவிடாது. நெல் விளைந்த மண்ணில் மறுபடியும் நெல் விளைய வேண்டும். நிலம் கொடுத்தவர் பிழைக்க வழி வேண்டும்.

இன்று பேராக் மாநிலத்தின் மஞ்சோங் அனல்மின் நிலையம் இறக்குமதிக் கரியை எரிக்கிறது. குழி வேறு நாட்டில். வெளிச்சம் நம் வீட்டில். எந்த நாடானாலும், முதல் மண்வெட்டி விழும் முன்பே குழியை மூடும் பணத்தைக் கட்டிவைக்கச் செய்ய வேண்டும். கரி தீர்ந்தபின் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்க மாட்டார். பத்து ஆராங் சொல்லும் பாடம் இதுவே.