கொல்லம் ஆண்டும் மாயர் நாட்கணக்கும்

கொல்லம் ஆண்டு என்பது கி.பி. 825-இல் தொடங்கிய தொடர் ஆண்டுக் கணக்கு ஆகும். இது கேரளத்துக்கு மட்டும் உரியது எனப் பலர் கருதுவர். ஆனால், இன்றைய தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் அடங்கிய பழைய நெல்லைச் சீமையிலும் இது நெடுங்காலம் வழங்கியது. இப்பகுதிக் கல்வெட்டுகளிலும் ஓலை ஆவணங்களிலும் இதனைக் காணலாம்.

சுழலும் பெயர்கள்

தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆகும். வியாழன் வான்வட்டத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து சுற்றுக்கு 60. அதன்பின் பழைய பெயர்களே திரும்ப வரும். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது சித்தார்த்தி ஆண்டில். 1859, 1919, 1979 ஆகியவையும் சித்தார்த்தியே. ஓர் ஓலையில் அப்பெயர் மட்டும் இருந்தால் காலத்தை உறுதி செய்ய இயலாது. கொல்லம் 975 என்றும் எழுதியிருந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

மாயர் கண்ட வழி

தென் மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிகளில் வாழ்ந்த மாயருக்கும் இதே சிக்கல் இருந்தது. அவர்களுடைய 260 நாள் சடங்கு நாட்காட்டியும் 365 நாள் நாட்காட்டியும் 18,980 நாட்களுக்கு, அதாவது ஏறத்தாழ 52 ஆண்டுகளுக்கு, ஒருமுறை தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். எனவே கி.மு. 3114 முதல் நாட்களைத் தொடர்ந்து எண்ணும் நீள்கணக்கு ஒன்றையும் வைத்திருந்தனர். நம் பஞ்சாங்கத்தின் கலியுகத் தொடக்கம் கி.மு. 3102. இந்த நெருக்கத்தைக் கொண்டு இரு நாகரிகங்களுக்கும் தொடர்பு இருந்தது எனக் கொள்ளலாகாது.

நீள்கணக்கில் 1,44,000 நாட்கள் ஒரு பக்தூன். பதின்மூன்றாம் பக்தூன் 2012 டிசம்பர் 21-இல் நிறைவுற்றபோது உலகம் அழியும் என்ற வதந்தி பரவியது. ஆனால், பலெங்கேயில் உள்ள மாயர் கல்வெட்டு கி.பி. 4772-இல் வரும் ஒரு நாளையும் குறிக்கிறது. அட்சயவுக்குப் பின் பிரபவ பிறப்பது போல, ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கியது, அவ்வளவே.

காலம் கணிக்கும் முறை

நெல்லைப் பகுதியில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள நாட்களுக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1075 தை மாதம் என்றால் 1900. வீட்டுப் பரணில் பழைய பத்திரம் கிடைத்தால், அதன் முதல் வரிகளில் இவ்வெண் உள்ளதா என மாணவர்கள் பார்க்க வேண்டும். குடும்பத்தின் வரலாற்றுக்கும் ஊரின் வரலாற்றுக்கும் அதுவே சான்றாகலாம்.