உஸ்தாத் என்ற சொல்லும் ஒஸ்தாவின் கத்தியும்





மீசை அரும்பும் வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு. எந்த ரேஸர் வாங்குவது, எப்படிச் சேவ் பண்ணுவது, ஏன் கழுத்தில் பரு பருவாக வருகிறது? வாப்பாவிடம் கேட்கக் கூச்சம். சேரிடம் கேட்டால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கடைசியில் கைப்பேசியில் வரும் விளம்பரம்தான் பதில் சொல்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினோம். ஆனால் ரேஸரின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கும் ஒரு மனிதரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர்தான் ஒஸ்தா. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள்.

இன்று நாற்பது வயதுக்குக் கீழே உள்ள பலருக்கு ஒஸ்தா என்றால் சுன்னத்துக் கலியாணத்தில் கத்தி பிடித்தவர் என்ற அளவுக்குத்தான் தெரியும். அவருடைய வேலை அதைவிடப் பெரியது. இலங்கை முஸ்லிம் ஊர்களில் பிறந்த பிள்ளைக்கு முடி இறக்குவது, ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்வது, பெரியவர்களுக்குத் தலை மழிப்பது, மீசை கத்தரித்துத் தாடி ஒதுக்குவது, மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வது என்று ஒரு ஆணின் வாழ்க்கையில் முக்கியமான நாட்கள் எல்லாவற்றிலும் அவருடைய கை இருந்தது.

சொல்லைக் கவனியுங்கள். ஒஸ்தா என்பது உஸ்தாத் என்ற சொல்லின் திரிபு. பாரசீகத்திலும் அரபியிலும் உஸ்தாத் என்றால் ஆசான், தொழிலில் தேர்ந்தவர். துருக்கியில் கைதேர்ந்த தொழிலாளியை இன்றும் உஸ்தா என்றுதான் அழைக்கிறார்கள். மத்ரஸாவில் ஓதித் தருபவரும் உஸ்தாத். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் எம்மைப் போன்றவர்களும் அந்தச் சொல்லுக்குரியவர்கள்தான். ஒரே சொல் ஓரிடத்தில் மரியாதையாகவும் இன்னோர் இடத்தில் கீழாகவும் ஆனது எப்படி என்பதுதான் இந்தக் கதையின் மையம்.

முதலில் கத்தியைப் பார்ப்போம். ஒஸ்தாவிடம் இருந்தது மடக்குச் சவரக்கத்தி. பிடிக்குள் மடங்கும் ஒரே அலகு. 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பகுதியில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் மண்குகையில் உருக்கை உருக்கிச் சீராக வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஷெஃபீல்ட் கத்திகளும், பின்னர் ஜேர்மனியின் சோலிங்கன் கத்திகளும் உலகம் முழுக்கப் பரவின. காலனி நாடுகளுக்கும் அவை கப்பலில் வந்தன.

இந்தக் கத்தியை வாங்கினால் மட்டும் போதாது. அலகு மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் தோல்பட்டையில் இப்படியும் அப்படியும் இழுத்து விளிம்பை நேராக்க வேண்டும். கல் தீட்டும்போது உருக்கு தேய்கிறது. தோல்பட்டையில் இழுக்கும்போது வளைந்த விளிம்பு நிமிர்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை. அது தெரியாதவன் கையில் அந்தக் கத்தி ஒரு வாரத்தில் வெறும் இரும்பாகிவிடும். பிறகு கன்னத்தின் எந்த இடத்தில் முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை ஏறக்குறைய முப்பது பாகை சாய்த்து வழிக்க வேண்டும். தொண்டையின் மேல் திறந்த கத்தியோடு ஒருவர் வேலை செய்கிறார் என்றால் அவர் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! முடிந்ததும் படிகாரக்கட்டியை, அதுதான் எங்கள் பக்கத்துச் சீனாக்காரம், நனைத்துத் தடவுவார். சிறு கீறல் இருந்தால் இரத்தம் கட்டும்.

எங்களுடைய மார்க்கத்தில் இந்த வேலைக்கு இடம் பெரியது. கத்னா செய்வது, மறைவிட முடியை மழிப்பது, அக்குள் முடியைக் களைவது, நகம் வெட்டுவது, மீசையைக் கத்தரிப்பது ஆகிய ஐந்தும் இயற்கை மரபைச் சேர்ந்தவை என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ். இவற்றை நாற்பது நாட்களுக்கு மேல் விடக்கூடாது என்ற வரம்பும் முஸ்லிமில் உண்டு. பிறந்த பிள்ளையின் முடியை இறக்கி, அதன் எடைக்கு வெள்ளி தருமம் செய்யும் வழக்கம் ஃபாத்திமா (ரலி) அவர்களின் வீட்டிலிருந்து வருகிறது. ஹஜ்ஜின் முடிவில் தலையை மழித்தவர்களுக்காக நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை துஆச் செய்தார்கள், முடியைக் குறைத்தவர்களுக்காக ஒரு முறை. (தாடி பற்றிய மஸ்அலாவை இங்கே பேச வரவில்லை. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாடி வைப்பவருக்கும் கழுத்து, கன்னம், மீசை ஓரம் ஒதுக்கக் கத்தி வேண்டும்.)

இத்தனை வணக்கங்களோடு தொடர்புள்ள தொழிலைச் செய்தவரை நாம் எப்படி வைத்திருந்தோம்?

கசப்பான பதில்தான். இஸ்லாத்தில் சாதி இல்லை என்று குத்பாவில் கேட்டுக்கொண்டே, ஒஸ்தா வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் பலர் தயங்கினார்கள். தொழில் வாப்பாவிடமிருந்து மகனுக்கு இறங்கியது. அதோடு அந்தப் பெயரும் இறங்கியது. 1969 முதல் அக்கரைப்பற்றுப் பகுதியில் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே ஒஸ்தாக்கள் தாழ்வாகக் கருதப்பட்ட தனிப் பரம்பரையாக இருந்ததை எழுதியிருக்கிறார். எந்தக் கரையோர முஸ்லிம் ஊரிலும் வயதானவர்களிடம் கேட்டால், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு இதையே சொல்வார்கள்.

இது எம்மிடம் மட்டும் இருந்ததல்ல. சவரத் தொழிலாளிதான் பழைய உலகில் பல இடங்களில் வைத்தியரும். தமிழ்நாட்டில் நாவிதர் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊர்ப் பிள்ளைகளைப் பிறப்பித்தார்கள். யாழ்ப்பாணத்தில் பரியாரி என்ற சொல் நாட்டு வைத்தியருக்கும் நாவிதருக்கும் பொதுவாக இருந்தது. அங்கேயும் வேலை வேண்டும், ஆள் வேண்டாம் என்ற நிலைதான்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 1540இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் சவரத் தொழிலாளிகளும் சத்திரசிகிச்சையாளர்களும் சட்டப்படி ஒரே சங்கமாக்கப்பட்டார்கள். 1745இல் சத்திரசிகிச்சையாளர்கள் பிரிந்து போனார்கள். 1800இல் அவர்களுக்கு அரச கல்லூரி வந்தது. கத்தி பிடித்தவர்களில் ஒரு பகுதியினர் ஊர் மதிக்கும் பெரிய வைத்தியர்களானார்கள். எங்கள் ஒஸ்தாவும் கத்தி பிடித்துச் சத்திரசிகிச்சைதான் செய்தார். அதே சுன்னத்தை இன்று கிளினிக்கில் செய்பவரை "டொக்டர்" என்று எழுந்து நின்று வரவேற்கிறோம். அது சரிதான், மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் பிள்ளைகளுக்குப் பெரிய பாதுகாப்பு. அப்படியானால் அதே வேலையை அந்த வசதிகள் இல்லாத காலத்தில் செய்தவருக்கு நாம் கொடுத்த மரியாதை எது?

ஹிஜ்ரி 10, அதாவது கி.பி. 632இல், நபி (ஸல்) அவர்கள் தங்களுடைய ஹஜ்ஜில் மினாவில் அமர்ந்து தலைமுடி மழித்துக்கொண்டார்கள். சவரம் செய்தவருக்கு முதலில் வலப்பக்கத்தையும் பிறகு இடப்பக்கத்தையும் காட்டினார்கள். அந்த முடி மக்களிடையே பகிர்ந்து கொடுக்கப்பட்டது. ஸஹீஹ் முஸ்லிமில் இந்தச் செய்தி இருக்கிறது. அன்று கத்தி பிடித்தவர் மஃமர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) என்பதே பிரபலமான கருத்து. அவர் குறைஷியர், உமர் (ரலி) அவர்களின் பனூ அதீ குலத்தவர். உயர்ந்த குலத்தவர் ஒருவர் கத்தியைக் கையில் எடுத்ததால் அவருடைய மரியாதை குறையவில்லை. அவருக்குக் கிடைத்த பாக்கியம் என்றே நாம் அதைப் பேசுகிறோம்.

இனி கத்தி எப்படி ஒஸ்தாவின் கையிலிருந்து எங்கள் கைக்கு வந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற விற்பனையாளருக்கு ஒரு யோசனை வந்தது: தீட்டவே தேவையில்லாத, மழுங்கினால் வீசிவிடும் மெல்லிய தகட்டு பிளேட். அவ்வளவு மெல்லிய தகட்டை வைரமாக்கிக் கூராக்க முடியாது என்று பலர் சொன்னார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளர் அதைச் செய்து காட்டினார். 1903இல் விற்பனை தொடங்கியபோது போனவை 51 ரேஸர்களும் 168 பிளேட்களும்தான். அடுத்த வருடம் ஏறக்குறைய 90,000 ரேஸர்கள். முதலாம் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் படையினருக்கு 35 இலட்சம் ரேஸர்களையும் 3 கோடி 20 இலட்சம் பிளேட்களையும் வாங்கிக் கொடுத்தது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் தாங்களே சவரம் செய்யும் பழக்கத்தோடு திரும்பினார்கள்.

ஆனால் அந்தப் பழைய பிளேட் கார்பன் உருக்கு. சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் உள்ள எங்களைப் போன்ற ஊரின் உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். 1962இல் இங்கிலாந்தின் வில்கின்சன் சுவோர்ட் கம்பனி ஸ்டெயின்லெஸ் பிளேட்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் ஜில்லெட்டும் அந்த வழிக்கு வந்தது. ஒரு பிளேட் பல நாள் உழைத்தது. அதன்பிறகு 1971இல் இரட்டை பிளேட், 1975இல் பிக் கம்பனியின் வீசியெறியும் பிளாஸ்டிக் ரேஸர், 1998இல் மூன்று பிளேட், 2006இல் ஐந்து பிளேட். ஒவ்வொரு முறையும் விலை ஏறியது. ஒஸ்தாவின் ஒரே அலகு செய்த வேலையைத்தான் ஐந்து அலகும் செய்கின்றன.

ஆகவே தம்பிமாரே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

தினமும் சேவ் பண்ணுபவருக்கு இரண்டு பக்கமும் கூருள்ள பிளேட் போடும் உலோக ரேஸர் போதும். ஒரு முறை வாங்கினால் பல வருடம் வரும், பிறகு பிளேட்டுக்கு மட்டும்தான் காசு. பல பிளேட் ரேஸரில் முதல் பிளேட் முடியை இழுக்கிறது, அடுத்தது தோலுக்குக் கீழே போய் வெட்டுகிறது. சுருள் முடிக்காரருக்கு அந்த முடி திரும்ப வளரும்போது தோலுக்குள்ளேயே குத்தி வளரும். கழுத்தில் வரும் பருவுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதுவரை சேவ் பண்ணாத பிள்ளைகள், மூடியோடு வரும் சாதாரண ரேஸரில் தொடங்கலாம். அவசரம் ஒன்றுமில்லை.

முறையை ஒஸ்தாவிடமிருந்தே எடுங்கள்.

1. முதலில் முகத்தை நன்றாக நனையுங்கள். குளித்த பிறகு சேவ் பண்ணுவது நல்லது. நனைந்த முடி மெதுவாகும். முடி கத்தியைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையானது, அப்படியிருந்தும் அது உருக்கின் விளிம்பைச் சில்லுச் சில்லாக உடைக்கிறது என்று 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டினார்கள். காய்ந்த முகத்தில் வழிப்பது தோலுக்கும் கூடாது, பிளேட்டுக்கும் கூடாது.

2. சவர்க்காரத்தையோ கிறீமையோ நுரைத்துப் பூசி, ஒரு நிமிடம் விடுங்கள்.

3. முடி வளரும் பக்கமாகவே வழியுங்கள். அழுத்த வேண்டாம். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை அலசுங்கள்.

4. குளிர்ந்த நீரில் கழுவி, வேண்டுமானால் சீனாக்காரம் தடவுங்கள். வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் வேலை செய்பவர்கள், வாடிக்குப் போகிறவர்கள், முடிந்தால் இரவில் சேவ் பண்ணுங்கள். புதிதாக வழித்த தோலில் உப்பும் வெயிலும் எரியும்.

5. பிளேட்டை உதறிக் காய வையுங்கள். இழுக்கத் தொடங்கினால் மாற்றுங்கள். பழைய பிளேட்டைக் குப்பையிலோ கடற்கரையிலோ வீசாதீர்கள். ஒரு தகரப் பேணியில் சேருங்கள். வெறும் காலோடு நடக்கும் ஊர் இது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். ரேஸரை இரவல் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். காக்கா தம்பியாக இருந்தாலும் சரி, விடுதியில் ஒரே அறை நண்பனாக இருந்தாலும் சரி. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் குறைந்தது ஒரு வாரம் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி போதும். சலூனுக்குப் போனால் உங்கள் கண் முன்னால் புதுப் பிளேட்டை உடைத்துக் கத்தியில் போடச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது சலூன்காரரை அவமதிப்பதாகாது. நல்ல சலூன்காரர் நீங்கள் கேட்குமுன்னே செய்வார்.

ஒஸ்தாவின் தொழில் இன்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. சுன்னத்து வைத்தியரிடம், முடி சலூனில், சவரம் எங்கள் குளியலறையில். வேலை மாறிப் போனது நல்லதே. ஆனால் தொழில் போன பிறகும் சில இடங்களில் பெயர் மட்டும் போகாமல் நிற்கிறது. கலியாணம் பேசும்போது "அது ஒஸ்தா குடும்பம்" என்று இன்னும் யாராவது காதோடு சொன்னால், மினாவில் நபியவர்களின் தலைக்கு மேல் கத்தி பிடித்த கையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அந்தச் சொல்லை ஏச்சாகப் பாவித்தால், உஸ்தாத் என்ற அதன் பொருளைச் சொல்லிக் கொடுங்கள். வகுப்பறையில் நாங்களும் சொல்லிக் கொடுப்போம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் காலச் சவரம், முடி இறக்கல், சுன்னத்துக் கலியாணம் பற்றிக் கேட்டுக் கீழே எழுதுங்கள். பழைய மடக்குக் கத்தி, தீட்டுக்கல், தோல்பட்டை யாரிடமாவது இருந்தால் வீசிவிட வேண்டாம். பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும்.

எங்களுக்காக உழைத்து மறைந்த அந்த ஒஸ்தாமார் அனைவரின் கப்றுகளையும் அல்லாஹ் விசாலமாக்குவானாக. ஆமீன்.